பத்து மாதம் இன்னொரு வீட்டில்

பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மாணவரைச் சுற்றியே நடக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை தனியாக விமானம் ஏறுகிறது, அறிமுகமில்லாத ஊரில் ஒரு கல்வியாண்டு முழுக்கப் படிக்கிறது, புது மொழியும் தன்னம்பிக்கையும் கைவந்து திரும்புகிறது. அந்தப் பிள்ளையைப் பத்து மாதம் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் இந்தப் பேச்சில் அதிகம் இடம்பெறுவதில்லை. திட்டங்களின் வரலாறு, விதிமுறைகள், ஆய்வுகள், நடந்த கெடுதல்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: அந்தப் பத்து மாதத்தின் நல்லது கெட்டது வீட்டுக்குள்தான் முடிவாகிறது. மாணவரைக் கட்டுரை எழுதவைத்து, நேர்காணல் செய்து, மொழித்தேர்வு வைத்துச் சலித்தெடுக்கும் அமைப்புகள் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை.

வெளிநாடு போகிற இளைஞர் விடுதியில் தங்காமல் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர். 1932-இல் அவர் அமெரிக்க இளைஞர்கள் சிலரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய், அங்கிருந்த இளைஞர்களோடு முகாமில் தங்கவைத்தார். முகாமைவிட வீடுதான் மனிதர்களை நெருங்கவைக்கும் என்பது சீக்கிரமே அவருக்குப் புரிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் குழுவைக் குடும்பங்களுக்குள் பிரித்து அனுப்பினார். ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ என்ற அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. 1934-இல் அதன் வழியாக ஜெர்மனி போன சார்ஜன்ட் ஷ்ரைவர், 1961-இல் அமெரிக்க அமைதிப் படையின் முதல் இயக்குநரானார்.

இன்னொரு கிளை போர்க்களத்தில் முளைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முன்பே, 1915-இல், ஏ. பியாட் ஆண்ட்ரூ என்பவர் பிரான்சில் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களைத் திரட்டிக் காயம்பட்ட வீரர்களைச் சுமக்கும் அமைப்பை உருவாக்கினார். ‘அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்’, சுருக்கமாக ஏஎஃப்எஸ், அதுதான். இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலை. 1946-இல் ஸ்டீஃபன் கலாட்டியின் தலைமையில் கூடிய அந்த ஓட்டுநர்கள், இனி அடுத்த போர் வராமலிருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று பள்ளி மாணவர் பரிமாற்றத்தைக் கையிலெடுத்தார்கள். 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்தார்கள். குண்டடிபட்டவர்களைச் சுமந்தவர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. போர் உடலை என்ன செய்யும் என்பதை மிக அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

1951-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் ரேச்சல் ஆண்ட்ரசன் என்ற பெண்மணி, போரில் சிதைந்த ஜெர்மனியிலிருந்து 75 பதின்வயதுப் பிள்ளைகளை வரவழைத்து உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைத்தார். ‘யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்’ அமைப்பின் தொடக்கம் அது. ஆறே ஆண்டுகளுக்கு முன்வரை எதிரியாக இருந்த நாட்டின் பிள்ளைகளைத் தங்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்த அந்த மிச்சிகன் குடும்பங்களில் மகனைப் போரில் இழந்த வீடும் இருந்திருக்கலாம்.

அரசுகள் பிறகு வந்து சேர்ந்தன. ஃபுல்பிரைட்–ஹேஸ் சட்டம் 1961-இல் பரிமாற்றங்களுக்குச் சட்ட அடித்தளம் போட்டது. ஜெர்மானியர் அமெரிக்காவில் குடியேறிய 300-ஆம் ஆண்டை ஒட்டி 1983-இல் அமெரிக்கக் காங்கிரசும் ஜெர்மன் பாராளுமன்றமான புண்டஸ்டாக்கும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அந்த நாடுகளின் பிள்ளைகளுக்காக ‘ஃப்ளெக்ஸ்’ வந்தது. அதற்கு முன்னின்றவர் செனட்டர் பில் பிராட்லி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002-இல், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளுக்காக ‘கென்னடி–லூகர் யெஸ்’ திட்டம் உருவானது. இந்தியாவும் அதில் உண்டு. வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொரு திட்டத்துக்கும் முன்னால் ஒரு போரோ பகையோ அச்சமோ நிற்கிறது. அந்தப் பகையைத் தணிக்கும் வேலையை அரசுகள் கடைசியில் கொண்டுபோய் ஒப்படைத்திருப்பது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறையில்.

அந்தக் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வரும் பள்ளி மாணவரை வைத்துக்கொள்ளும் குடும்பம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. வருமான வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். பல பத்தாண்டுகளாக மாறாத தொகை அது. பத்து மாதச் சாப்பாடு, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் அந்த வீட்டுச் செலவு. கூலிக்கு வீடு கொடுத்தால் மாணவர் வாடகைக்காரர் ஆகிவிடுவார், பிள்ளையாக மாட்டார் என்பது இதற்குப் பின்னாலுள்ள நியாயம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் கூலி இல்லாத வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம் என்பதையும் சேர்த்தே ஏற்கவேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விமானச் சீட்டு போட்ட பிறகும் வீடு முடிவாகாத மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அந்த அவசரத்தில் தேர்வு தளர்கிறது. தற்காலிகமாக ஒரு வீட்டில் இறக்கிவிட்டு, பிறகு நிரந்தர வீடு தேடும் வழக்கமும் உண்டு.

விதிப்புத்தகத்தில் குறையில்லை. மாணவருக்குப் பதினைந்து வயதாகியிருக்க வேண்டும், பதினெட்டரையைத் தாண்டக் கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் குற்றப்பின்னணிச் சோதனை உண்டு. வீட்டுக்கே போய்க் குடும்பத்தார் அனைவரையும் நேர்காண வேண்டும். சமையலறை, படுக்கையறை, குளியலறைப் படங்கள் கோப்பில் இருக்க வேண்டும். மாணவருக்குத் தனிக் கட்டில் வேண்டும். மடக்குக் கட்டிலோ காற்றடைத்த மெத்தையோ கூடாது. மாதம் ஒருமுறையாவது உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாணவரோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும். அந்த வீட்டிலிருந்து அவர் 120 மைல் தூரத்துக்குள் இருக்க வேண்டும். காற்றடைத்த மெத்தை வரைக்கும் யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்றால், அதை எழுதவைத்த அனுபவங்கள் நடந்திருக்கின்றன என்றுதான் பொருள்.

ஆவணங்களில் வராத ஒரு சங்கதியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நம் ஊர் வளர்ப்பில் வளர்ந்த பிள்ளை ஒன்று அமெரிக்க வீட்டில் முதல் வாரம் இருக்கிறது. சாயங்காலம் அந்த வீட்டு அம்மா, சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார். பிள்ளை வழக்கப்படி, “வேண்டாம்” என்கிறது. நம் வீடுகளில் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொல்வது. இரண்டாம் முறை கேட்பார்கள், மூன்றாம் முறை கேட்காமலே தட்டில் போட்டுவிடுவார்கள். அங்கே முதல் ‘வேண்டாம்’ முடிவான பதில். பிள்ளையின் விருப்பத்தை மதித்து அந்த அம்மா பாத்திரத்தை மூடிவைத்துவிடுகிறார். ஃப்ரிட்ஜில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைக்குக் கை நீளாது. இரண்டு பக்கமும் நல்லெண்ணம் நிறைந்திருக்க, நடுவில் ஒரு குழந்தை பசியோடு படுக்கப் போகிறது. திரும்பி வந்த பிள்ளைகளிடம் பேசினால் இந்தப் பசிக் கதை ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். சைவப் பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக வரும்.

இப்படிப்பட்ட உராய்வுகளைப் பற்றி ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது. கலாச்சார அதிர்ச்சி என்ற கருத்தை 1950களில் பரவலாக்கியவர் மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1955-இல் நார்வேயின் ஸ்வெர்ரெ லிஸ்கார், அமெரிக்கா போய்வந்த நார்வேஜிய ஃபுல்பிரைட் அறிஞர்களை ஆராய்ந்து, முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்ற ‘யு’ வடிவ வளைவைச் சொன்னார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்திப்போனார்கள், இடைப்பட்டவர்கள்தான் சிரமப்பட்டார்கள் என்பது அவர் கண்டது. அதன்படி பார்த்தால் பத்து மாதப் பள்ளிப் பரிமாற்றம் சரிவின் நடுவிலேயே முடிந்துவிடும். பிந்தைய ஆய்வுகள் அந்த வளைவைக் கேள்விக்குள்ளாக்கின. நியூசிலாந்து போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த காலின் வார்டு குழுவினர் 1998-இல், சிரமம் மிக அதிகமாக இருப்பது தொடக்கத்தில்தான் என்று காட்டினார்கள். எனக்கு இந்த முடிவே நம்பத்தக்கதாகப் படுகிறது. முதல் சில வாரம் வீடு எப்படி இருக்கிறது என்பதில் மீதி மாதங்கள் அடங்கியிருக்கின்றன. தற்காலிக வீட்டில் இறக்கிவிடும் வழக்கம் மிகத் தவறான நேரத்தில் குழந்தையை நிலையற்ற இடத்தில் வைக்கிறது.

திட்டங்களால் பயன் உண்டா என்ற கேள்விக்கு, ஜெர்மன் பள்ளி மாணவர்களைப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அளந்த ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தது. ஊரிலேயே இருந்த சக மாணவர்களோடு ஒப்பிட்டால் வெளிநாடு போனவர்களின் சுயமதிப்பு கூடியிருந்தது. அது கூடியதற்கும், போன இடத்து மனிதர்கள் தங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற உணர்வுக்கும் தொடர்பு இருந்தது. ஆக நாடு மாறியதால் மட்டும் பலன் வந்துவிடுவதில்லை, சேர்த்துக்கொள்ளும் கைகளும் வேண்டும். இரு தரப்பார் பழகினால் வெறுப்பு குறைய வேண்டுமென்றால் சில நிபந்தனைகள் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொல்லியிருக்கிறார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. நல்ல விருந்தோம்பும் குடும்பத்தில் இவை நான்கும் தானாகவே அமைந்துவிடும். பாத்திரம் கழுவும் முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்று, திட்டும் ஒன்று. விருந்தாளியாகவே வைக்கப்படும் பிள்ளை மரியாதையோடு தனித்து நிற்கிறது. திரும்பியபின் வரும் சிரமத்தை 1963-இல் கல்லாஹார்ன் தம்பதி எழுதினார்கள். ஊர் திரும்பிய பிள்ளை தன் வீட்டிலேயே அந்நியமாக உணர்வதைப் பெற்றோர் திமிர் என்று எடுத்துக்கொள்வது நம் நாட்டில் சாதாரணமாக நடக்கிறது.

பயன் பெற்றவர்களில் உலகம் அறிந்தவர்கள் உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் கிறிஸ்டின் லகார்ட், பதினேழு வயதில் ஏஎஃப்எஸ் வழியாக அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு பள்ளியில் ஓராண்டு படித்தவர். விளம்பரங்களில் இத்தகைய பெயர்கள் வரும். ஒரு திட்டத்தை அதன் மிகப் பிரபலமான மாணவரைக் கொண்டு எடைபோட நான் தயங்குகிறேன். ஆளில்லாமல் தவித்த மாணவரை அது எப்படிக் கவனித்தது என்பதுதான் என் அளவுகோல்.

அந்த அளவுகோலில் அமெரிக்கத் திட்டங்கள் பலமுறை தோற்றிருக்கின்றன. 2009-இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் பகுதியில், வெளிநாட்டு மாணவர்கள் சிலர் அசுத்தமான வீடுகளில், போதிய உணவுகூட இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. வெளியுறவுத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகமே தன் துறையின் மேற்பார்வை போதாது என்று எழுதியது. 2010-இல் விதிகள் இறுக்கப்பட்டன. பாலியல் தொல்லை வழக்குகளும் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலும் காணப்படுவது ஒன்றுதான்: பிள்ளை உடனே சொல்லவில்லை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, ஊரில் தோற்றவராகத் தெரிவோமோ என்ற பயம். மாதாந்திரத் தொலைபேசி வருகிறது. ஒருங்கிணைப்பாளர், “எல்லாம் நன்றாக இருக்கிறதா?” என்கிறார். கதவு திறந்திருக்கிறது, அடுத்த அறையில் குடும்பத்தார் இருக்கிறார்கள். பிள்ளை, “நன்றாக இருக்கிறேன்” என்கிறது. கோப்பில் ஒரு டிக் விழுகிறது. அந்த ஒருங்கிணைப்பாளரே குடும்பத்தைத் தேடிப் பிடித்தவர், பல நேரம் அவர்களுக்குத் தெரிந்தவர். வீடு தேடுவதும் அந்த வீட்டைக் கண்காணிப்பதும் ஒரே ஆளிடம் இருப்பது இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பலவீனம் என்று கருதுகிறேன்.

வீடு நல்லதாக இருந்தும் ஊர் காவு கொண்ட நேரங்கள் உண்டு. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன பதினாறு வயது ஜப்பானிய மாணவன், முகவரி தவறி வேறொரு வீட்டு மணியை அடித்து, அந்த வீட்டுக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் குற்றவியல் வழக்கில் விடுதலையானார். மகனை இழந்த பெற்றோர் அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஜப்பானில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி அமெரிக்க அதிபர் கிளின்டனிடம் சேர்த்தார்கள். அவனை வைத்திருந்த அமெரிக்கக் குடும்பம் அவர்களோடு தோளோடு தோள் நின்றது. துப்பாக்கியில்லாத சமூகத்தில் வாழ்ந்து பார்க்கட்டும் என்று அமெரிக்கப் பள்ளி மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைக்க அந்தப் பெற்றோர் ஒரு நிதியும் நிறுவினார்கள். மகனைக் கொன்ற நாட்டின் பிள்ளைகளுக்கு இவர்கள் கதவைத் திறந்தார்கள். பரிமாற்றத்தின் பொருள் இதைவிடத் தெளிவாக எந்தக் கையேட்டிலும் இல்லை. 2018 மே 18 அன்று டெக்சாசின் சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் கொல்லப்பட்ட பத்துப் பேரில் யெஸ் திட்டத்தில் வந்திருந்த பதினேழு வயது கராச்சி மாணவியும் ஒருத்தி. ஊர் திரும்ப அவளுக்குச் சில வாரங்களே இருந்தன.

அரசு நிதியில் ஓடும் திட்டங்கள் அரசியல் காற்றுக்கு அசைபவை. 2014-இல் ரஷ்யா ஃப்ளெக்ஸிலிருந்து விலகியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மாணவர்கள் ஆண்டு நடுவிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தபோது, ஏற்கெனவே அந்நிய வீடுகளில் இருந்த பிள்ளைகளின் நிலை பலருக்குக் கவலை தந்தது. உதவித்தொகை இல்லாத திட்டங்களில் பெற்றோர் பெரிய தொகை கட்டவேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அரசுப் பள்ளிக்குப் போனால் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம், கல்விச் செலவு முழுவதும் தாமே. அங்கே குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதும் உண்டு. இதனால் போகிறவர்களில் வசதியுள்ளவர்கள் மிகுதி. ஓட்டமும் பெரும்பாலும் ஒருவழிதான். யெஸ் வழியாக அமெரிக்காவுக்கு வருவோரோடு ஒப்பிட்டால், அதே ஏற்பாட்டில் வெளிநாடு போகும் அமெரிக்கப் பிள்ளைகள் மிகச் சிலர்.

வீட்டைக் கண்காணிக்கும் வகையில் ரோட்டரி சங்கத்தின் பரிமாற்ற முறை எனக்கு அதிகம் பிடிக்கிறது. ஓராண்டில் மாணவர் பொதுவாக இரண்டு மூன்று குடும்பங்களில் மாறி மாறித் தங்குகிறார். ஒரு வீட்டில் சிக்கல் வந்தால் அடுத்த வீடு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஒரு வீட்டில் நடப்பதை இன்னொரு வீடு கவனிக்க வாய்ப்பிருக்கிறது. பிள்ளையை அனுப்பும் குடும்பம் தானும் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்ளும் எதிர்பார்ப்பும் உண்டு. வீடு மாறும் வலி அதில் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் பாதுகாப்பு கூடுகிறது.

இத்தாலியில் உயர்நிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டை வெளிநாட்டில் படிப்பது ஏற்கப்பட்ட நடைமுறை. திரும்பி வரும் மாணவர் ஐந்தாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம். இந்தியாவில் அந்த வசதி இல்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வு, நீட், ஜே.இ.இ. என்று ஆண்டுகள் கணக்குப் போட்டு அடுக்கப்பட்டிருக்கும் வீட்டில் ஓராண்டு ‘வீண்’ என்று தோன்றுவதில் வியப்பில்லை. நம் கல்வித்துறை யோசிக்க வேண்டிய இடம் இது. போய்வந்த ஆண்டை மதிப்பெண்ணாக மாற்றத் தேவையில்லை. ஒரு வகுப்பைத் தாண்டிச் சேர, பள்ளி அளவில் ஓர் இணைப்புத் தேர்வு வைத்தாலே போதும்.

பிள்ளையை அனுப்ப யோசிக்கும் பெற்றோர் கல்விக் கட்டணத்தையும் பள்ளியின் தரத்தையும் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. இந்த வீட்டை யார் தேர்ந்தெடுத்தார், அவரேதான் மாதாமாதம் விசாரிப்பவரா, வீடு சரிப்படவில்லையென்றால் எத்தனை நாளில் மாற்றுவீர்கள், மாற்றக் கேட்டதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா, வீட்டாரின் காதில் விழாமல் பேச என்ன வழி என்று கேட்க வேண்டும். பதில் தடுமாறினால் அந்த அமைப்பு வேண்டாம். புறப்படும் பிள்ளையிடம் பசித்தால் வாய்விட்டுக் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கல்லூரி மட்டத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் திட்டம் அமெரிக்க மாணவர்களை மதுரைக் குடும்பங்களில் தங்கவைத்துத் தமிழ் படிக்கவைத்திருக்கிறது. பள்ளி மாணவர்களை அழைத்துவரும் அமைப்புகளும் இந்தியாவில் உள்ளன, அவற்றுக்கு எப்போதும் தட்டுப்பாடு வீடுதான். தனி அறை இல்லை, ஏசி இல்லை, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை என்று தயங்குகிற குடும்பங்களே நம்மிடம் அதிகம். தேவைப்படுவது ஒரு கட்டில், பூட்டக்கூடிய ஒரு கதவு, பிள்ளையை விசாரிக்க நேரமுள்ள ஒருவர், பிறர் பழக்கத்தைக் கேலி செய்யாத வாய். இவ்வளவும் உள்ள வீடுகள் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம் பிள்ளைக்கு எங்கோ ஒரு குடும்பம் பத்து மாதம் சோறு போட வேண்டும் என்று விரும்புகிறவர்கள், எங்கிருந்தோ வரும் ஒரு பிள்ளைக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுக்க முன்வர வேண்டும்.